ஐம்பது சென்ட் வெளிச்சம்

திங்கட்கிழமை ஃபெராராவுக்குப் போனது
என் தப்புதான்.
பொலோன்யாவில் ரயில் ஏறும்போதே
எதிர் இருக்கைக்காரர் எங்கே என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.
'லுனெதீ' என்றார்,
காற்றில் ஒரு கதவைச் சாத்திக் காட்டினார்.

சாத்தித்தான் கிடந்தது
வழிகாட்டிப் புத்தகத்தில் மூன்று நட்சத்திரம் போட்டு
நான் மடித்து வைத்திருந்த வைர மாளிகை.
சுவரெங்கும் கூர்கூராய்ச் செதுக்கிய வெள்ளைக்கல்.
அவர்களுக்கு வைரம்.
எனக்கென்னவோ சதுரம் சதுரமாய் வெட்டி ஒட்டிய பலாத்தோல்.
சுளை உள்ளே இருக்கிறது,
நாளைக்கு வா என்றது பலகை.
நாளைக்கு எனக்கு விமானம்.

கோட்டை அகழியில் மீன்கள் மட்டும் வேலைக்கு வந்திருந்தன.
அவற்றைப் பார்த்தேன், கட்டணமில்லை.
ஊரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது.
ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் சிகரெட்,
முன்கூடையில் நாய்,
முழங்கையால் திருப்பம் எடுத்துப் போனாள் ஒருத்தி.

மதியம்
தொப்பிபோல் மடித்த மாவுக்குள்
பரங்கிக்காய் வைத்துக் கொடுத்தார்கள்,
மேலே வெண்ணெயில் பொரிந்த இலை இரண்டு.
இனிப்பா உப்பா என்று நாக்கு முடிவுசெய்யும் முன்
தட்டு காலி.
பரங்கிக்காய்க்கு எங்கள் மொழியில் ஏன் அந்தப் பெயர் என்று
பரிமாறியவனிடம் சொல்லத் தொடங்கிப்
பாதியில் விட்டேன்.
இந்த ஊரில்
பரங்கி நான்தான்.

மூன்றரைக்கு, பெயர்ப்பலகை இல்லாத சந்தில்
ஒரு தேவாலயம் திறந்திருந்தது.
உள்ளே இருட்டு, மெழுகு வாசனை,
கூடவே ஈரத்துணி வாசனை.
வலப்பக்கச் சிறு பீடத்துக்கு மேலே
ஓவியம் ஒன்று இருக்கிறது என்று ஊகிக்கலாம்,
சட்டத்தின் ஓரம் மட்டும் மங்கலாய்ப் பொன்.
சுவரில் ஓர் இரும்புப் பெட்டி.
ஐம்பது சென்ட் போட்டால் விளக்கு.

போட்டேன்.
டக்.
நீலம். அப்படி ஒரு நீலம்.
முட்டிபோட்ட ஒரு பெண்,
எதையோ சொல்ல வந்து தயங்கும் தேவதூதன்,
அவன் இறக்கையில்
மைனாவுக்கு இருப்பதுபோல் ஒரு வெள்ளைப் பட்டை.
மூலையில் யாரோ, என்று கழுத்தை நீட்டுவதற்குள்
டக்.

இன்னொன்று போடக் கை போனது.
பொறு, என்றது ஒரு குரல்.
வாளியும் துடைப்பானுமாய் ஒரு பெண்,
மொரேனா என்று சட்டையில் தைத்திருந்தது.
இந்தப் பக்கத்து பல்பு போய் மூன்று வாரம் ஆயிற்றாம்.
மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்கிறாராம் பாதிரியார்.
யாராவது படம் பார்க்க வந்தால்தான்
இந்த மூலையைத் துடைக்க முடிகிறதாம்.
பாதி அவள் கையிலிருந்து, பாதி அவள் மொழியிலிருந்து
எனக்குப் புரிந்தது இவ்வளவு.
துணியைப் பிழிந்தாள்.
ஓட்டப்பந்தயக்காரி மாதிரி காலை அகட்டி நின்றாள்.
தலையசைத்தாள், போடு.

டக்.
நான் இறக்கையைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.
என் ஷூவைத் துடைப்பானால் தட்டினாள்.
தூக்கினேன்.
மறு கால்.
டக்.

பிறகு நடந்ததைச் சுற்றுலா என்று சொல்ல முடியாது.
என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு யூரோ நாணயம்,
பெட்டி அதை வாங்காது.
ஏப்ரன் பையைத் துழாவி
இரண்டு ஐம்பதாய் மாற்றிக் கொடுத்தாள்.
ஒன்றை நான் போட்டேன்.
இன்னொன்றை என் உள்ளங்கையிலிருந்து எடுத்து
அவளே போட்டாள்.

மூலையில் இருந்தது யார் என்று
கடைசிவரை பார்க்கவில்லை.
ஈரத்தரையில் தேவதூதன் தலைகீழாய் விழுந்து கிடந்தான்.
ஒரே இழுப்பில் அவன் இறக்கையைத் துடைத்தாள்.
தண்ணீர் அடங்கியதும் வந்துவிட்டது.
மறுபடி துடைத்தாள்.
மறுபடி.

டக்.

வாளி நகரும் சத்தம்.
'கிராட்சியே' என்றது இருட்டு.
காயாத தரையை மிதிக்காமல்
எந்தப் பக்கமாய் வெளியேறுவது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.